கணக்கிற் பிழையும் அதன் காரணமும்

கணக்குப் பாடவேளை வந்ததும் தலைகுனிந்து அமரும் பிள்ளைகள் பல வகுப்புகளில் உளர். ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று பெற்றோரும் ஆசிரியரும் தீர்த்துவிடுதல் எளிது. அவ்வாறு தீர்க்குமுன், அப்பிள்ளையின் கொப்பியை ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

52 இலிருந்து 27 ஐக் கழித்த பிள்ளை விடையை 35 என எழுதுகிறது. 81 இலிருந்து 46 ஐக் கழித்து 45 என்கிறது. இவை கவனக்குறைவால் வந்த பிழைகள் அல்ல. மேலே இருப்பினும் கீழே இருப்பினும், பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதே முறை என்று அப்பிள்ளை தானாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டுள்ளது. அவ்விதியை வழுவாமற் கைக்கொள்கிறது. பிள்ளைகளின் கழித்தற் பிழைகள் பல இவ்வாறு ஒழுங்கான தவறான விதிகளிலிருந்தே பிறக்கின்றன என்பதை, அமெரிக்க ஆய்வாளர் பிரவுண், பேட்டன் ஆகிய இருவரும் 1978 இல் எடுத்துக்காட்டினர்.

இந்நிலையில் மேலும் இருபது கணக்குகளைச் செய்யச் சொல்வது தவறான விதியையே உறுதிப்படுத்தும். ‘இவ்விடை எப்படி வந்தது?’ என்று சினமின்றிக் கேட்பதே ஆசிரியரின் முதற் கடமை.

அடுத்து, கைக்கு வேலை கொடுத்தல் வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் பிள்ளையின் முன் வைத்து, 27 ஐ எடுக்கச் சொல்லலாம். தனி ஈர்க்குகள் ஏழு இல்லை. ஆகவே, பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கிறது. இப்பொழுது நான்கு கட்டுகளும் பன்னிரண்டு தனி ஈர்க்குகளும் உள்ளன. அவற்றுள் ஏழையும் இரண்டு கட்டுகளையும் எடுத்தால், எஞ்சுவது 25. ‘கடன் வாங்குதல்’ என்பது உண்மையிற் கடனன்று, கட்டவிழ்த்தலே என்பது அப்பொழுது விளங்கும். 25 உடன் 27 ஐக் கூட்டி, 52 வருவதையும் பிள்ளையே சரிபார்க்கலாம்.

பின்னர், கட்டுக்கு ஒரு கோடும் தனி ஈர்க்குக்கு ஒரு புள்ளியுமாக வரையச் செய்து, இறுதியிலேயே இலக்கங்களுக்கு வருதல் நன்று. செயல், உருவம், குறியீடு என்னும் இப்படிமுறையை உளவியலறிஞர் புறூணர் 1966 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1980 களிற் சிங்கப்பூர் தன் தொடக்கப் பள்ளிகளின் கணித பாடத்தை இதையொட்டியே அமைத்துக்கொண்டது.

பெரிய வகுப்பிலும் இது இயலாததன்று. பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் ஈர்க்கை எண்ண, மற்றவர் எழுதுமாறு செய்யலாம். காரணம் விளங்கிய பிள்ளை அடுத்த கணக்கைத் தானே கேட்டு வாங்கும்.