ஆமைக்குக் குளிர்ந்தால் எக்ஸெல் சொல்லும்

கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்றால் முதலில் பவர் கேபிளைப் பாருங்கள் என்பேன். லண்டனில் வசிக்கும் என் நண்பருக்கும் அதையேதான் சொன்னேன். அவர் வளர்க்கும் ஹெர்மன் ஆமை சாப்பிடாமல் மூலையில் முடங்கிக் கிடந்தது.

வெளியிலிருந்து கிடைக்கும் சூடுதான் ஆமைக்குப் பவர் சப்ளை. அது குறைந்தால் தின்றது செரிக்காது. விளக்கின் அடியில் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 20 முதல் 25 டிகிரி இருந்தால், தேவைக்கேற்ப ஆமை இடம் மாறிக்கொள்ளும்.

எக்ஸெலைத் திறக்கச் சொன்னேன். முதல் நெட்டுவரிசையில் காலை 8, பகல் 12, மாலை 4 என்று நேரம்; அடுத்த இரண்டில் இரு முனைகளின் வெப்பநிலை. மூன்றையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் பகுதியில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்தால் படம் தயார். இரண்டு கோடுகளும் 22 டிகிரியை ஒட்டியே ஓடின! விளக்கு மிக உயரத்தில் தொங்கியிருக்கிறது. இறக்கிக் கட்டிய சில நாட்களில் ஆமை இலை தின்னத் தொடங்கியது. சூடு சரியாக இருந்தும் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

தெர்மாமீட்டர் காட்டாத ஒன்றும் உண்டு. புற ஊதா பி கதிர் கிடைக்காவிட்டால் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது, ஓடு மென்மையாகும். ஜன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். இதற்கென உள்ள விளக்கிலும், வெளிச்சம் குறையாமலே கதிர் குறைந்துவிடும். எனவே மாற்ற வேண்டிய தேதியைக் கம்ப்யூட்டர் காலண்டரில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.