கருவில் பட்ட போதை... பிள்ளையின் படிப்பைப் பாதிக்குமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தை ஒட்டிய எல்லைப்பிள்ளைச்சாவடியில்தான் இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பகுதியில் பல பிள்ளைகளின் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. ஆறேழு வருடம் கழித்து அவர்களில் சிலரைப் பற்றி, "எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது" என்று வகுப்பில் புகார் வரும். சில பிள்ளைகளின் விஷயத்தில் காரணம் பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

கர்ப்ப காலத்தில் தாயின் உடலுக்குள் போன மது, புகையிலை, போதைப்பொருள், ஏன், சில மாத்திரைகள்கூட நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடையும். அதற்காக அந்தப் பிள்ளையின் படிப்பு அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடலாமா?

23 பேரில் தொடங்கிய பீதி

1985-ல் அமெரிக்காவில் கர்ப்ப காலத்தில் கொகைன் பயன்படுத்திய 23 பெண்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு வெளியானது. அது ஆரம்பகட்ட ஆய்வுதான். ஆனால் ஊடகங்கள் விடவில்லை. 'கிராக் பேபி' என்று பெயர் வைத்து, இந்தக் குழந்தைகளால் படிக்கவே முடியாது என்ற எண்ணத்தைப் பரப்பின.

இதைச் சரிபார்க்க பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989-ல் களமிறங்கினார். 224 குழந்தைகள், பாதிப் பேர் கருவில் கொகைன் பட்டவர்கள், மீதிப் பேர் படாதவர்கள். எல்லோருமே ஏழைக் குடும்பங்கள். 20 வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்தார்.

4 வயதில் கொகைன் பட்ட பிள்ளைகளின் சராசரி ஐக்யூ 79; படாத பிள்ளைகளுக்கு 81.9. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டுமே வழக்கமான சராசரியான 100-ஐவிட ரொம்பக் குறைவு! இரு பக்கமும் பொதுவாக இருந்தது வறுமை. 7 வயதுக்குள் இந்தப் பிள்ளைகளில் 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். கொகைனைவிட வீடும் தெருவும்தான் அவர்களை அதிகம் பின்னுக்கு இழுத்தன.

அப்போ, பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், பிறந்தவுடன் போதை விலகல் அறிகுறிகள் (நடுக்கம், ஓயாத அழுகை) இருந்த 2,234 குழந்தைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். 3-ம் வகுப்பிலேயே இவர்கள் பின்தங்கியிருந்தார்கள். மேலே போகப் போக இடைவெளி கூடியது. 7-ம் வகுப்பில் இவர்கள் எடுத்த மதிப்பெண், மற்ற பிள்ளைகள் 5-ம் வகுப்பில் எடுத்ததைவிடக் குறைவு. பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் தோல்வி அபாயமும் அதிகமாக இருந்தது. ஆக, இங்கேயும் வீடு முக்கியம்.

நம்ம ஊருக்கு எது முக்கியம்?

மது: கருவின் மூளையைப் பாதிக்கும் பொருட்களில் மிக மோசமானவற்றில் ஒன்று. இதைப் பற்றி 1968-லேயே பிரான்ஸின் நான்த் நகர மருத்துவர் போல் லெமுவான் 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். பிரான்ஸில் 2007 முதல் மது பாட்டிலில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம். அதே பிரான்ஸ் ஒரு காலத்தில் ஆண்ட புதுச்சேரியில் விற்கும் பாட்டிலில் இருப்பது இந்திய எச்சரிக்கை: மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். கட்டாயமான அந்த வாசகத்தில் கர்ப்பம் பற்றிப் பேச்சே இல்லை.

புகையிலை: வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கணக்கில் சேரும். 2004-ல் வெளியான மும்பை ஆய்வில், மெல்லும் புகையிலை பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. எடை குறைவும் குறைப்பிரசவமும் பின்னாளில் படிப்பைத் தொடும் விஷயங்கள்.

வலிப்பு மாத்திரை: 2013-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் வால்புரோயேட் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 6 வயதில் சராசரி ஐக்யூ 97. ஒப்பிடப்பட்ட மற்ற மூன்று வலிப்பு மருந்துகளுக்கு 105 முதல் 108 வரை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் இப்படிப்பட்ட தாய்மார்களையும் பிள்ளைகளையும் பதிவு செய்து கவனித்துவருகிறது. ஒரு எச்சரிக்கை: மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

அப்பா குடித்தால்?

நம்மூரில் குடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தாய் ஒரு சொட்டுகூடத் தொடாத வீட்டிலும் சண்டை, அடி, கடன், தூக்கமில்லாத இரவுகள் என்று பிள்ளையின் படிப்பு அடிவாங்கும். பிலடெல்பியா ஆய்வு சொன்ன பாடமும் கிட்டத்தட்ட இதுதான். 'அம்மா என்ன பண்ணா?' என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி.

என்ன செய்யலாம்?

* வரிசையாக நாலு வேலை சொன்னால் ஒன்றை மட்டும் செய்வது, நேற்றுப் போட்ட கணக்கை இன்று மறப்பது, ஓரிடத்தில் உட்கார முடியாதது: இவை தொடர்ந்தால் 'சோம்பேறி' என்று திட்டாமல் பரிசோதிக்க வேண்டும்.

* பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு, 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து இலவச சிகிச்சைக்கு அனுப்பும்.

* கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு இரண்டும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ளன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இ-க்கு மாறத் தொடங்கின. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

* கர்ப்பிணிக்குப் போதைப் பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். மதுவையோ ஓபியாய்டு போதைப்பொருளையோ திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவ மேற்பார்வை தேவை. போதை மீட்பு இலவச உதவி எண்: 14446.

திட்டு விழும் என்ற பயத்தில் தாய் மறைத்தால், பிள்ளைக்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைக்காது. மருத்துவமனையில் அவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடிந்தால், உதவி 1-ம் வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடும்.