நிலக்கரிக்கு மேலே யார் நிலம்?

அரியாங்குப்பத்தில் மனை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படிப்பதே ஒரு வித்தை. ரீசர்வே எண் இருக்கும். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கதாஸ்தர் எண்ணும் இருக்கும். பரப்பு ஓரிடத்தில் ஆர் கணக்கு, ஓரிடத்தில் குழிக் கணக்கு. குழி என்றால் 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. இத்தனை நுணுக்கமான பத்திரம், மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் வாயே திறக்காது.

கடலூர் சாலையில் தெற்கே போனால் வருகிற பாகூர் வட்டாரத்தில் கிடப்பது பழுப்பு நிலக்கரி. 1880-களிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் பொய்லே அங்கே துளையிட்டபோது அது தட்டுப்பட்டது. புதுச்சேரி மண்ணில் மட்டும் சுமார் 41 கோடி டன் இருப்பதாக இன்றைய அரசுக் கணக்கு. பழைய வரைபடங்களில் பாகூர்ப் பக்கம் பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேய ஊரும் ஒட்டுத்துணி போலக் கலந்து கிடக்கும். கரியோ எல்லைக்கல்லைப் பார்த்துப் படியவில்லை.

அந்தக் கரி யாருடையது என்பதில் இரு அரசுகளின் சட்டமும் ஒன்றல்ல. பிரான்சில் 1810-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்காரரே ஆனாலும் அரசு அனுமதியில்லாமல் சுரங்கம் வெட்ட முடியாது. இங்கிலாந்திலோ கரி நிலத்துக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. 1938-இல் அதை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டபோது, யாருடைய கரி எதுவரை என்று நில அளவை வரைபடங்களின் மேல் குறித்துப் பதிவு செய்தார்கள். மொத்த இழப்பீடு 6 கோடியே 64½ லட்சம் பவுண்டு. நம் ஊரிலும் கேள்வி ஓயவில்லை: பழைய மலபார் மாவட்ட நிலங்கள் பற்றிய வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், அடியிலுள்ள கனிமமும் நிலத்துக்காரருக்கே என்றது. அதற்காக உரிமம் இல்லாமல் தோண்டிவிட முடியாது.

இந்தக் கதையின் பெரிய களம் நெய்வேலிதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ பொங்கி வந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணில் பட்டது.

எது யார் நிலம் என்று அறிய, இங்கே மூன்று தாள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் இடவிளக்க வரைபடத் தாளில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கும். ஒரு காணி நிலம் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஏரி, கோயில், வண்டிப்பாதை எல்லாம் தெரியும், உரிமையாளர் தெரியமாட்டார். ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே வரைந்திருப்பது எஃப்.எம்.பி. என்கிற புலப்படம். அளவும் எல்லைக்கல்லும் அதில் உண்டு, பெயர் இல்லை. பெயருக்குப் பட்டாவைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் தகராறு வெடிப்பது இந்த இடத்தில்தான். படம் சரியாக இருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அனுபவிப்பவர்கள் ஏழெட்டுப் பங்காளிகள். புறம்போக்கில் குடியிருந்தவர் கதை இன்னும் மோசம்.

திறந்தவெளிச் சுரங்கம் வந்தால் வரப்போடு எல்லைக்கல்லும் மண்வாரி இயந்திரத்தில் போய்விடும். இல்லாத ஊரின் தெருவையும் குளத்தையும் காட்ட மிஞ்சுவது பழைய இடவிளக்க வரைபடத் தாள் ஒன்றே. 2023 ஜூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நிற்கும் நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். பயிர் வைத்தவர் கண்ணுக்கு அது அவர் வயல். காகிதமும் கழனியும் இப்படி வேறுவேறு ஆளைக் காட்டியதற்கு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

பாகூரில் கரி தட்டுப்பட்டு 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. சுரங்கம் வரவில்லை, ஏரிப் பாசனத்தில் இன்னும் நெல்தான் விளைகிறது.