மணிக்கூடும் சட்டமும்

வேலை நேரம் பற்றி உலகியலில் வழங்கும் கருத்துக்கள் மூன்று. கருவிகள் பெருகப் பெருக மனிதனுக்கு வேலை குறையும் என்பது ஒன்று. ஊதியத்துக்கு உடன்பட்டவன், முதலாளி வேண்டும் நேரமெல்லாம் உழைக்கக் கடமைப்பட்டவன் என்பது மற்றொன்று. புதிய கருவியின் போக்கைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தல் இயலாது என்பது மூன்றாவது. இவை எத்துணை உண்மையுடையன என்பதை, இயந்திரத் தொழில் முதன்முதல் வளர்ச்சியுற்ற இங்கிலாந்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வாம்.

நெசவாளன் தன் வீட்டிலே தறியிட்டு உழைத்த காலத்தில், பொழுது சாய்தலே பெரும்பாலும் வேலைக்கு எல்லையாயிருந்தது. பின்னர் வந்த நூற்கும் பொறி, பலர் கைகள் செய்யும் வேலையைத் தனித்தே செய்தது. ஆயினும் தொழிலாளனுக்கு ஓய்வு பெருகவில்லை. பெருமுதல் இட்டு வாங்கிய பொறி வாளா நிற்றல் நட்டம் என முதலாளி கருதினான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பஞ்சாலைகளில் வாயு விளக்கு ஏற்றப்படவே, இரவும் வேலைக்கு உரியதாயிற்று. எனவே, வேலையைக் குறைக்கும் ஆற்றல் கருவிக்கு உண்டேனும், அது குறைவதும் கூடுவதும் கருவியை ஆள்வோன் கருத்தைப் பொறுத்தனவாம்.

இனி, உடன்பாடு பற்றிய கருத்தை நோக்குவாம். அக்காலத்து ஆலைகள் சிலவற்றில், காலையில் மணிக்கூட்டை முன்னே தள்ளியும் மாலையிற் பின்னே தள்ளியும் வேலை வாங்கினர் எனவும், தொழிலாளர் தம்மிடம் மணிக்கூடு வைத்திருத்தலை விலக்கினர் எனவும் அக்காலத் தொழிலாளர் சாட்சியங்கள் கூறுகின்றன. நெல் வாங்குவோன் தன் கொத்தைத் தானே பெருப்பித்துக்கொண்டு அளப்பானாயின், அதனை நேர்மையான வாணிகம் என்போமா? அளவு தெரிந்த பொருளின்மேலேயே உடன்பாடு நிகழும். அளவுகோல் ஒருவன் கையில் மட்டும் இருக்க, மற்றவன் கடமையைப் பற்றிப் பேசுதல் முறையன்று.

இக்குறையை நீக்கியது சட்டமே. 1802இலும் 1819இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், தக்க மேற்பார்வை இன்மையாற் பயனற்றுப்போயின. 1833ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு பரிசோதகரை நியமித்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டமோ, வேலை நேரம் பொது மணிக்கூடு ஒன்றன்படி கணிக்கப்படல் வேண்டும் எனவும், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அறிவித்தலாக அச்சிட்டுத் தூக்கப்படல் வேண்டும் எனவும் விதித்தது. மணிக்கூட்டை அச்சட்டம் பகைக்கவில்லை. ஒருவன் கையிலிருந்த அதனைப் பொதுவாக்கியது. 1847இற் பெண்களுக்கும் இளைஞருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி என்னும் எல்லை வகுக்கப்பட்டது. 1919இற் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் முதலாவது சமவாயம், கைத்தொழிற்றுறைக்கு நாளுக்கு 8 மணியும் வாரத்துக்கு 48 மணியும் எல்லையாக வகுத்தது. எமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது.

அச்சட்டம் பிறந்த காலத்திற் கந்தோர்க் கதவு மூடப்படவே பெரும்பாலார்க்கு வேலையும் நின்றது. இன்றோ கைத்தொலைபேசி வழியாகக் கந்தோர் வீட்டினுட் புகுந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு வருஞ் செய்திக்கு விடையிறுத்தல் வேலையா, மரியாதையா என்பதை எந்த மணிக்கூடும் காட்டாது. பழைய வினாவே புதிய உருவில் வந்துளது. இதற்கு விடைகாணப் பிற நாடுகள் முற்பட்டுள்ளன. பிரான்சில் 2016இல் இயற்றப்பட்டு 2017 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்த விதி, ஐம்பதுக்குக் குறையாத ஊழியரையுடைய நிறுவனங்கள் ஓய்வு நேரத்திற் கருவித் தொடர்பினின்று விலகும் உரிமை பற்றி ஊழியருடன் பேசவேண்டும் என்றது. போர்த்துக்கல் 2021இல், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருத்தலை முதலாளியின் கடமையாக்கியது. அவுஸ்திரேலியா 2024இல், நியாயமற்ற மறுப்பாக இல்லாதவிடத்து, அத்தகைய தொடர்புக்கு விடையிறாதிருக்கும் உரிமையை வழங்கியது. எனவே, சட்டம் கருவிக்குப் பிந்தி வரும் என்பது உண்மை. வாராது என்பது உண்மையன்று.

ஆயினும், சட்டம் வரும்வரை காத்திருத்தல் கற்றோர்க்கு அழகன்று. 2020இற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி வழியே பாடம் அனுப்பப் பழகினோம். அதனாற் பயன் பெற்ற மாணவர் பலர். பாடசாலைகள் திறந்தபின்னும் அவ்வழக்கம் எல்லையின்றி நீளுமாயின், ஆசிரியர்க்கு வாசிக்கும் பொழுதும், மாணவர்க்கு உறங்கும் பொழுதும் இல்லாதொழியும். வேலை நேரத்தை வீணே கழியாது முழுமையாகக் கொடுத்தல் ஊழியன் கடமை. அந்நேரம் முடிந்தபின் அவனை விடுத்தல் வேலை கொள்வோன் கடமை. இவ்விரண்டும் ஒரே மணிக்கூட்டின் இரு முட்கள் போல்வன. ஆதலின், ஒவ்வொரு பாடசாலையும் கந்தோரும் செய்தி அனுப்புதற்குரிய நேரத்தைத் தாமே வகுத்து, யாவரும் காணும் இடத்தில் எழுதி வைத்தல் நன்று. 1844இல் ஆலைச் சுவரிலே தூக்கப்பட்ட அறிவித்தலின் பயன் இன்றும் எமக்கு வேண்டற்பாலதேயாம்.