பாயைத் தூக்கிப் பாருங்கள்

சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மொட்டைமாடியில் செயற்கைப் புல் விரித்த வீடுகள் இப்போது நிறைய. முதல் வருஷம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை போனபின் ஓரம் தூக்கிக்கொள்ளும். இரண்டு துண்டுகள் சேரும் இடம் வாய் பிளக்கும். மாடிக்கு ஏறினாலே புழுங்கல் வாடை வரும். உப்புக் காற்று புல்லை அரித்துவிட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். பழி இடம் மாறி விழுகிறது.

இந்தப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். கடலிலேயே கிடக்கும் வலைகளும் கயிறுகளும் இதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. உப்பு அதை அரிக்காது. ஆனால் மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நீர் கோத்துக்கொள்ளும் அல்லவா, அதுதான் புல்லுக்கு அடியிலும் நடக்கிறது. இழைகளுக்கு நடுவே படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அடிப்பகுதி சீக்கிரம் காய்வதில்லை. பசை இளகுகிறது, பாசி பிடிக்கிறது, இரும்பு ஆணி அடித்திருந்தால் துருவேறித் தலை ஒடிகிறது. மாடியில் ஆணி அடிப்பதே தவறு. தட்டோட்டைத் துளைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஒழுக்குக்கு வழிவிடும். மண் தோட்டத்தில் விரிப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஆணி கேட்டு வாங்குங்கள்.

ஆகவே பழுது பார்க்கும் முன் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு வாளி தண்ணீரை நடுவில் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் அது மழைநீர்க் குழாயின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் தளத்தின் வாட்டம் சரியில்லை, அல்லது பாயின் அடியில் உள்ள துளைகளை மண்ணும் இலையும் அடைத்திருக்கின்றன, அல்லது பாய் முழுவதையும் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் மேலே எதை ஒட்டினாலும் அடுத்த மழைக்குப் பிய்ந்துவிடும். குழாய் வாய்க்கு மேலே புல்லை மூடாதீர்கள். ஓர் அடி சதுரம் வெட்டித் திறந்தே விடுங்கள்.

மாதம் ஒருமுறை நன்றாகக் கழுவினால் உப்பு தங்காது. ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். கடலோரத் தெருக்களில் பல வீடுகளின் போர்த் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். மெட்ரோ தண்ணீரோ தேக்கி வைத்த மழைநீரோ போதும். இழைகளுக்கு நடுவே மணல் தூவியிருந்தால் அது சிலிக்கா மணலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை மணலை அள்ளிவந்து தூவினால் உப்பை நாமே மாடி ஏற்றியதாகிவிடும். மணலின் வேலை இழையை நிமிர்த்தி நிறுத்துவதும், காற்றில் பாய் எழும்பாமல் கனம் கொடுப்பதும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது வீசிய காற்றை நினைத்துப் பார்த்தால், ஓரங்களின் பிடிமானத்தை ஒவ்வோர் ஆவணியிலும் சோதிப்பது ஏன் என்று புரியும்.

இனி வாய் பிளந்த இணைப்பு. மாசி, பங்குனியே இதற்கு ஏற்ற காலம். பனி ஈரம் காய்ந்து, காலை பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். இரு ஓரங்களையும் மடித்து, பழைய பசையைச் சுரண்டி, அடிப்பக்கத்தை ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டுவதுதான் பெரும்பாலான ஒட்டுகளைக் கெடுக்கிறது. இணைப்பு நாடாவை இரு பக்கமும் சரிபாதி வருமாறு போட்டு, பாலியூரித்தேன் பசை தடவி, ஓரங்களை மெல்ல இறக்குங்கள். இடையில் இழை மாட்டினால் விரலால் எடுத்துவிடுங்கள். மாட்டிய இடம் கோடாகத் தெரியும். மேலே செங்கல் வைத்து மறுநாள் வரை மிதிக்காமல் இருங்கள்.

கருகிய இடத்தை நிமிர்த்த முடியாது. பூந்தொட்டிக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டலாம். பாயைத் திருப்பி, அடிப்பக்கத் தையல் வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டுங்கள். இழை சாயும் திசை ஒன்றாக இருக்கட்டும்; மாறினால் அதே புல்லும் வேறு நிறமாகத் தெரியும். கருகியதற்குப் பட்டாசுதான் காரணம் என்பதில்லை, எதிர்வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயிலும் இழையை உருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் புல்லின் மேற்பரப்பே 60 டிகிரியைத் தாண்டலாம். குழந்தைகளை விடும் முன் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். தண்ணீர் தெளித்தால் சூடு குறையும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

படுத்துவிட்ட இழைக்கு, சாய்ந்த திசைக்கு எதிராக நைலான் துடைப்பத்தால் பெருக்கினால் போதும். கம்பி பிரஷ் வேண்டாம்.

விரலால் இழுத்தால் இழை கொத்தாகக் கையோடு வருகிறது, அடிப்பாய் பொடிகிறது என்றால் ஒட்டுப்போடும் காலம் முடிந்துவிட்டது. சுருட்டி எடுத்துப் புதிதாக விரியுங்கள். உதிர்ந்த இழைகளை முதலில் பெருக்கிச் சாக்கில் கட்டிவிட்டுப் பிறகு தளத்தைக் கழுவுங்கள். நம் மாடிக் குழாயிலிருந்து மழைநீர் வடிகாலுக்கும், அங்கிருந்து கடலுக்கும் அதிக தூரம் இல்லை.