மீன்தொட்டிச் செடியின் இலைக்கணக்கு

மந்திர் மார்க்கில் உள்ள எம் கிளையின் மீன்தொட்டியில் செடிகள் நலிந்தபோது, கடையில் கிடைத்த உரத்தையெல்லாம் ஊற்றினோம். பாசிதான் செழித்தது, மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. பிறகே இலைகளைப் பார்க்கக் கற்றோம்.

குறை தோன்றுவது முதிர்ந்த இலையிலா, தளிரிலா என்பதே முதற்கேள்வி. நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அளிக்கும். சேமிப்பை எடுத்து அன்றாடச் செலவைச் சமாளிப்பது போல. ஆகவே அவை குறைந்தால் முதிர்ந்த இலையே முதலில் கெடும். முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன், ஊசித்துளைகள் விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம். இரும்பும் கால்சியமும் அவ்வாறு எளிதில் இடம்பெயரா. தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக்குறை. முறுக்கிச் சிறுத்தால் கால்சியக்குறை எனலாம்.

எம் தொட்டியில் தளிர்தான் முறுக்கியது. குறை உரத்தில் அன்று, நீரில். தில்லிக் குழாய்நீரின் உப்புக்கு அஞ்சி ஆர்.ஓ. நீரையே நிரப்பிவந்தோம், அக்கருவியோ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பெரும்பாலும் நீக்கிவிடும். குளோரின் நீக்கிய குழாய்நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தோம். கெட்ட இலைகள் தேறவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பின் வந்த தளிர் நேராக விரிந்தது.