பட்டாளத்தில் பாதிரியார்

கொல்வதற்குப் பயிற்சி பெற்ற கூட்டத்தின் நடுவே, கொல்லாதே என்று போதிக்க வேண்டிய ஒருவருக்கு என்ன வேலை? சைன்யங்களில் மதகுருமாரைச் சம்பளம் கொடுத்து நியமிக்கும் வழக்கத்தைக் காணும் எவருக்கும் இக்கேள்வி எழாமற் போகாது.

வழக்கமோ மிகப் பழையது. ரோமச் சேனையில் வீரராயிருந்த மார்ட்டின் என்பவர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தமது மேலங்கியை வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது ஐதிகம். பிற்காலத்தில் பிராங்கிய அரசர்கள் அவ்வங்கியைப் போர்க்களத்திற்கு எடுத்துச் சென்றனர். அதைக் காத்துவந்த குருமாருக்கு ஏற்பட்ட பெயரே, பட்டாளத்துப் பாதிரியாரைக் குறிக்கும் ‘சாப்லெயின்’ என்னும் ஆங்கிலப் பதமாயிற்று. ஏழைக்கு அளித்த அங்கி, அரசனுக்கு வெற்றி தரும் ரக்ஷையாக மாறிற்று! இப்பதவியின் பெருமையும் ஆபத்தும் இவ்வொரு கதையிலேயே அடங்கியிருக்கின்றன.

பெருமையை முதலில் கூறுவோம். பிரிட்டிஷ் சைன்யத்தில் ஒரு காலத்தில் பாதிரியார் பலர் சம்பளத்தை மட்டும் பெற்றுக்கொண்டு பட்டாளத்தின் பக்கமே தலைகாட்டாதிருந்தனர். அச்சீர்கேட்டை நீக்கவே 1796-ல் தனி இலாகா ஏற்பட்டது. முதல் உலக யுத்தத்திலோ, ஐம்பதைக் கடந்த தியோடர் ஹார்டி என்னும் பாதிரியார், ஆயுதமின்றிக் குண்டுமாரியில் புகுந்து காயமுற்றோரை மீட்டு விக்டோரியா கிராஸ் விருது பெற்றார். 1918 அக்டோபரில் காயத்தினால் உயிர் நீத்தார்.

1943 பிப்ரவரி 3-ந் தேதி, ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் ‘டார்ச்செஸ்டர்’ என்னும் அமெரிக்கத் துருப்புக் கப்பல் கிரீன்லாந்தை அடுத்த கடலில் மூழ்கிற்று. அதிலிருந்த சுமார் 900 பேரில் 670 பேருக்கு மேல் மாண்டனர். புராடஸ்டண்டுகள் இருவர், கத்தோலிக்கர் ஒருவர், யூத குரு ஒருவர் ஆகிய நால்வர் தங்கள் மிதவை அங்கிகளைச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு ஆழ்ந்தனர். வாங்கியவன் எந்த மதத்தினன் என்று அவர்கள் கேட்கவில்லை. மார்ட்டினுடைய அங்கி அன்று அதன் உரிய பயனை அடைந்தது என்போம்.

இனி ஆபத்து. 1945 ஆகஸ்டில், ஹிரோஷிமாவை அழிக்கப் புறப்பட்ட விமானிகளுக்காக டினியன் தீவில் ஒரு பாதிரியார் ஜெபம் செய்தார். அத்தீவிலேயே ஊழியம் செய்த கத்தோலிக்க குரு ஜார்ஜ் ஜபெல்கா, அணுகுண்டைக் கண்டித்து ஒரு வார்த்தையும் கூறவில்லை. நாகசாகியில் அவருடைய சொந்த மதத்தினரின் பேராலயமே தரைமட்டமாயிற்று. தமது மௌனம் பெருந்தவறு என்று பின்னாளில் அவர் பகிரங்கமாக அறிவித்து, சமாதானப் பிரசாரத்தில் ஈடுபட்டார். ஆயின், பேச வேண்டிய தருணம் அன்றோ கடந்துவிட்டது!

சர்வதேசச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவானது. 1949-ம் வருஷத்து ஜினீவா ஒப்பந்தப்படி, சேனையைச் சேர்ந்த மதகுருமாரை எந்நிலையிலும் மதித்துக் காக்க வேண்டும். எதிரியிடம் அகப்பட்டாலும் அவர்கள் யுத்தக் கைதிகளாகார். அவர்கள் சண்டைக்காரரல்லர் என்பதே இதன் ஆதாரம்.

நமது தேசத்திலும் இது அயல் விஷயமன்று. இந்திய ராணுவத்தில் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார், பௌத்த பிட்சு ஆகியோர் மதபோதகர்களாக நியமிக்கப்படுகின்றனர். எல்லா மதத்தாரும் கூடி வழிபடும் ‘சர்வ தர்ம ஸ்தலம்’ பல பட்டாளங்களில் உண்டு. பல மதத்தார் ஒரே கொடியின் கீழ் நிற்கும் நாட்டுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடேயாகும்.

ஆயினும் நாம் ஒன்றை வற்புறுத்துவோம். சாகக் கிடக்கும் சிப்பாயின் கையைப் பிடித்துக்கொள்வது குருவின் கடமை. பீரங்கிக்குத் திருநீறு பூசுவது அவர் கடமையன்று. தளபதிக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை; ஆனால், ‘இது அதர்மம்’ என்று தளபதியின் முகத்துக்கு நேரே கூறும் உரிமை அவருக்கு இருந்தே தீரவேண்டும். அவ்வுரிமையை இழந்த குரு, காவியோ வெள்ளையோ எதை உடுத்தியிருப்பினும், சேனையின் முரசு கொட்டுவோரில் ஒருவரே ஆவார்.